மறைத்த காகிதமும் நஷ்ட ஈடும்

(பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்போது சட்ட ஞானம் உள்ளவன் என்று சொல்லிவிட்டார். அது என்மீதுள்ள அன்பினால் சொன்னதே ஒழிய உண்மையல்ல. நான் நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று பேசப்போகிற சங்கதிகளை அமெரிக்கக் கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பவேண்டியதில்லை. தீர்ப்புகள் அச்சில் இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய விஷயம் இதுதான். ஒருவன்மீது கொலைக் குற்றமோ கொள்ளைக் குற்றமோ சாட்டப்படுகிறது. அவன் அதைச் செய்யவில்லை என்று காட்டக்கூடிய காகிதம் ஒன்று போலீசார் கையிலேயே இருக்கிறது. அதை அவர்கள் வெளியே காட்டவில்லை. அவன் தண்டிக்கப்படுகிறான். பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து அந்தக் காகிதம் வெளியே வந்து அவன் விடுதலையாகிறான். பிறகு அவன் சிவில் கோர்ட்டுக்குப் போய், என் ஆயுளில் இத்தனை வருஷம் போய்விட்டதே, இதற்கு யார் ஈடு கொடுப்பது என்று கேட்கிறான். அப்போது அவனுக்குக் கிடைக்கிற பதில் என்ன? அமெரிக்காவை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், அங்கேதான் இந்தக் கேள்வி வெகு நாளாகக் கோர்ட்டுகளில் நடந்து, கிடைத்த பதில்களெல்லாம் எழுத்தில் இருக்கின்றன.

நியூ ஆர்லியன்ஸ் என்பது லூயிசியானா ராஜ்யத்தில் உள்ள ஒரு பட்டணம். அங்கே 1984-ம் வருஷம் டிசம்பரில் ஒரு கொலை நடந்தது. ஜான் தாம்சன் என்ற 22 வயதுக் கறுப்பு வாலிபரைப் பிடித்தார்கள். இரண்டு சிறு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, சில நாட்களுக்கு முன் கொள்ளையடிக்கப் பார்த்த ஒருவனிடம் சிக்கியிருந்த வேறு ஒரு குடும்பத்தார், எங்களைத் தாக்கியவனும் இவன்தான் என்று சொன்னார்கள். ஆக இரண்டு வழக்குகள் ஆயின.

இங்கே சர்க்கார் வக்கீல்கள் செய்த யுக்தியைக் கவனியுங்கள். கொலை வழக்கு முந்தி வந்தது. கொள்ளை வழக்கு பிந்தி வந்தது. ஆனால் கொள்ளை வழக்கை முதலில் நடத்தினார்கள். ஏன்? அதில் தண்டனை வாங்கிவிட்டால், கொலை வழக்கில் அவர் கூண்டேறித் தம் பக்கத்தைச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால், நீ கொள்ளைக்காரன்தானே என்று ஜூரிகள் முன்னால் கேட்டுவிடுவார்கள். அப்படியே நடந்தது. 1985 ஏப்ரலில் கொள்ளை வழக்கில் 49½ வருஷ தண்டனை. மே மாதத்தில் கொலை வழக்கு. அவர் வாய் திறக்கவில்லை. மரண தண்டனை.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். கொள்ளைக்காரனோடு நடந்த கைகலப்பில் அவனுடைய இரத்தம் ஒரு பையனுடைய கால்சட்டையில் பட்டிருந்தது. போலீசார் அந்தத் துணியை வெட்டியெடுத்துத் தங்கள் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். அது 'பி' வகை இரத்தம் என்று விசாரணைக்கு முன்பே அறிக்கை வந்துவிட்டது. தாம்சனுடைய இரத்தமோ 'ஓ' வகை. ஒரு மனிதனுக்கு இரண்டு வகை இரத்தம் இருக்க முடியாது என்பது இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். அந்த அறிக்கை எதிரியின் வக்கீலுக்குக் கொடுக்கப்படவில்லை. அந்தத் துணியையோ, ஒரு சர்க்கார் வக்கீல் சாமான் அறையிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அது திரும்பி வரவே இல்லை.

அதோடு போகவில்லை. கொலை வழக்கில் கொலைகாரனைக் கண்ணால் பார்த்த ஒருவர் சொன்னதைப் போலீசார் எழுதி வைத்திருந்தார்கள். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய தலைமயிர் என்று அதில் இருந்தது. தாம்சனோ ஐந்தடி எட்டங்குலம். தலையில் கூடைபோல் வளர்ந்த சுருட்டை முடி. அந்தப் போலீஸ் குறிப்பும் எதிரியின் வக்கீலுக்குப் போகவில்லை.

14 வருஷம் அவர் மரண தண்டனைக் கைதியாகக் கிடந்தார். 1999 மே 20-ந் தேதி நாள் குறித்துவிட்டார்கள். அது அவருடைய மகன் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு விழாவில் பட்டம் வாங்குகிற நாளுக்கு முந்திய நாள். சுமார் ஒரு மாதம் இருக்கும்போது, அவருடைய வக்கீல்கள் அமர்த்திய ஒரு துப்பறிகிறவர் போலீஸ் பரிசோதனைச் சாலையின் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அங்கே சிறு படமாக எடுத்துவைத்திருந்த நகல் ஒன்றில் அந்த இரத்த அறிக்கை கிடைத்தது.

அப்போதுதான் இன்னொன்றும் வெளிப்பட்டது. அந்த வழக்கை நடத்தியவர்களில் ஒருவர் புற்றுநோயால் சாகக் கிடந்தபோது, அந்த இரத்த சாட்சியத்தை வேண்டுமென்றே மறைத்தேன் என்று தம் சிநேகிதரான ஒரு பழைய சர்க்கார் வக்கீலிடம் 1994-ல் சொல்லியிருக்கிறார். அந்தச் சிநேகிதர் அதை ஐந்து வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். ஒருவன் சாவுக்கு நாளெண்ணிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் வைத்திருந்தார். இதற்காக 2005-ல் அவருக்குக் கிடைத்தது ஒரு பகிரங்கக் கண்டனம். அவ்வளவுதான்.

கொள்ளைத் தண்டனை ரத்தாயிற்று. 2002-ல் கொலைத் தண்டனையும் ரத்தாயிற்று. 2003-ல் கொலை வழக்கை மறுபடியும் விசாரித்தார்கள். இந்தத் தடவை தாம்சன் கூண்டேறித் தம் பக்கத்தைச் சொன்னார். ஜூரிகள் 35 நிமிஷத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 35 நிமிஷ வேலைக்கு 18 வருஷம் சிறை!

நம் பக்கத்தில் இதைக் கேட்கிறவன், பாவம், அவன் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். தோழர்களே, இது தலையில் எழுதிய எழுத்தல்ல. பரிசோதனைச் சாலையில் ஒரு சம்பளக்காரர் எழுதி, இன்னொரு சம்பளக்காரர் ஒளித்துவைத்த எழுத்து. எழுதியவருக்கும் பெயர் உண்டு. ஒளித்தவருக்கும் பெயர் உண்டு. பெயர் உள்ளவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமே என்றுதான் தாம்சனும் நினைத்தார்.

இழுக்க முடிந்ததா? அதற்கு அந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தைச் சர்க்கார் தரப்பு மறைப்பது நியாய விசாரணை ஆகாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1963-ல் பிரேடி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போலீசாருக்குத் தெரிந்து சர்க்கார் வக்கீலுக்குத் தெரியாமலிருந்தாலும் அது மறைத்ததுதான், கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த வக்கீலின் கடமை என்று 1995-ல் இன்னொரு வழக்கில் சொன்னது. அந்த வழக்கும் இதே நியூ ஆர்லியன்சில் இருந்து வந்ததுதான். ஆனால் இந்தத் தீர்ப்புகள் தண்டனையை உடைக்கும்; நஷ்ட ஈடு கொடுக்காது. நஷ்ட ஈட்டுக்கு வேறு சட்டம்.

அந்தச் சட்டம் 1871-ல் பிறந்தது. அடிமைத்தனம் ஒழிந்த புதிது. குக்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் கூட்டம் கறுப்பு மக்களை அடித்துக் கொன்றுகொண்டிருந்தது. உள்ளூர் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் கூடவே இருந்தார்கள். அதற்காக, அதிகாரத்தின் பெயரால் ஒருவனுடைய உரிமையைப் பறிக்கிற எவனும் அவனுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று சட்டம் செய்தார்கள். எவனும் என்றுதான் இருக்கிறது. போலீசு நீங்கலாக என்றோ, சர்க்கார் வக்கீல் நீங்கலாக என்றோ அதில் இல்லை. இந்தச் சட்டம் ஏறக்குறைய 90 வருஷம் தூங்கிற்று. சிக்காகோவில் போலீசார் விடியற்காலையில் ஒரு கறுப்புக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, அவர்களை நிர்வாணமாக நிறுத்திவைத்து வீட்டைக் கலைத்த வழக்கில், 1961-ல்தான் அது எழுந்து உட்கார்ந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் அதன் கையைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் வக்கீல் வழக்கு நடத்தும் வேலையில் என்ன செய்தாலும் அவர்மீது நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று சொல்லிற்று. வேண்டுமென்றே செய்தாலும் முடியாது. ஏனென்றால் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் அவர் தைரியமாக வேலை செய்யமாட்டாராம்! கைதிக்கு மரண பயம் இருக்கலாம். வக்கீலுக்கு வழக்குப் பயம் இருக்கக்கூடாது. போலீசாருக்கு இவ்வளவு பெரிய கவசம் இல்லை. தீர்மானமான சட்டத்தை மீறினார்கள் என்று காட்டினால் அவர்களைப் பிடிக்கலாம். பட்டணத்தின்மீதே வழக்குப் போடலாம் என்று 1978-ல் சொன்னார்கள். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை. தப்பு அந்தப் பட்டணத்தின் கொள்கையாகவோ வாடிக்கையாகவோ இருந்திருக்க வேண்டும். எவனோ ஒரு சிப்பந்தி செய்தான் என்றால் போதாது.

இந்த வாடிக்கை என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்சன் அதில்தான் விழுந்தார்.

மறைத்த வக்கீல்களைத் தொட முடியாதாகையால், அவர் அந்த ஆபீசின் தலைவரான கானிக் என்பவர்மீது ஆபீசின் சார்பில் வழக்குப் போட்டார். சாட்சியத்தை மறைக்கக்கூடாது என்று உம்முடைய கீழ் வக்கீல்களுக்கு நீர் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இது நடந்தது என்பது பிராது. 2007-ல் ஜூரிகள் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். மரண தண்டனைக் கைதியாக இருந்த வருஷம் ஒன்றுக்குப் பத்து லட்சம். அப்பீல் கோர்ட்டில் ஜட்ஜுகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அது நிலைத்தது. 2011 மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. ஒரு காசு இல்லை.

காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அதற்கு முந்திய பத்து வருஷத்தில் இதே ஆபீஸ் வாங்கிய நாலு தண்டனைகள் சாட்சியத்தை மறைத்ததற்காக ரத்தாகியிருந்தன. அவை போதாதா என்றால், போதாது. அந்த நாலில் ஒன்றிலும் இரத்த அறிக்கை மறைக்கப்படவில்லை, ஆதலால் அவை இதுபோன்றவை அல்ல என்றார்கள். ஒருவன் நாலு வீட்டில் அரிசி திருடி, ஐந்தாவது வீட்டில் பருப்பு திருடினால் அவனுக்குத் திருட்டு வாடிக்கை இல்லை என்பதுபோல் இருக்கிறது இது. மேலும், வக்கீல்கள் சட்டக் காலேஜில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆபீசில் வேறு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். மாறுபட்ட நால்வரின் சார்பில் ஜின்ஸ்பர்க் என்ற அம்மையார் எழுதிய தீர்ப்பைக் கோர்ட்டிலேயே வாசித்தார். அவர் எடுத்துக்காட்டிய ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். அந்த ஆபீஸ் தலைவர் 1974-ல் பதவிக்கு வந்ததோடு சட்டப் புத்தகங்களைப் படிப்பதையே நிறுத்திவிட்டதாகத் தாமே சாட்சியம் சொல்லியிருக்கிறார். நாலாவது வகுப்புப் படித்த நானே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், தோழர்களே!

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "போலீசார் எத்தனையோ அயோக்கியர்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வழக்குப் போடலாம் என்றால் எந்தப் போலீசுக்காரன் வேலை செய்வான்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்குச் சிக்காகோவில் நடந்ததைப் பதிலாகச் சொல்லுகிறேன்.

சிக்காகோ போலீசில் துப்பறிகிறவர்கள் இரண்டு விதமான கட்டு வைத்திருந்தார்கள். ஒன்று ஆபீஸ் கட்டு. அது கோர்ட்டுக்குப் போகும். இன்னொன்று தெருக் கட்டு என்று அவர்களே பெயர் வைத்தது. அன்றாடம் கிடைத்த துப்பு, சாட்சிகள் முதலில் சொன்னது, வேறு யார்மேல் சந்தேகம் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். அது ஸ்டேஷனை விட்டு வெளியே போகாது. எதிரியின் வக்கீலுக்கும் தெரியாது. பல சமயங்களில் சர்க்கார் வக்கீலுக்கும் தெரியாது. வியாபாரி வரிக்காரனுக்கு ஒரு கணக்கும் தனக்கு ஒரு கணக்கும் வைத்திருப்பதில்லையா, அந்த மாதிரி.

1981-ல் அங்கே ஒரு சிறுமி கொலையுண்டாள். அவளுடைய தம்பியும் பலமாக அடிபட்டான். 18 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள். சதா படித்துக்கொண்டிருப்பதால் புத்தகப்புழு என்று பெயர் எடுத்தவன். போலீசுக்காரர் ஒருவருடைய மகன்தான். பிராங்க் லாவர்ட்டி என்ற துப்பறியும் உத்தியோகஸ்தர் விசாரித்துப் பார்த்து, இந்தப் பையன் குற்றவாளியல்ல என்று குறிப்பு எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தார். அவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். குறிப்போ தெருக் கட்டுக்குள் போய்விட்டது. அடுத்த வருஷம் ஒரு நாள் பத்திரிகையைப் பிரித்தால், அந்தப் பையன்மீது கொலை விசாரணை நடந்துகொண்டிருக்கிறது! மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். பலன் இல்லை. அதன்மேல் எதிரியின் வக்கீலிடமே சொல்லிவிட்டார். விசாரணை நின்றது, வழக்கு வாபசாயிற்று. தண்டனை வரையில் போகாமல் ஒருவருடைய மனச்சாட்சியினால் தப்பித்த பையன் அவன்.

இந்த லாவர்ட்டிக்கு அவருடைய இலாகா என்ன செய்தது? துப்பறியும் வேலையிலிருந்து எடுத்து, புதிதாய்ச் சேருகிற போலீசுக்காரர்கள் பரிசோதனைக்கு மூத்திரம் பிடித்துக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலையில் போட்டது. கூட வேலை செய்தவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். சீட்டு எழுதிய தோழர் கவனிக்க வேண்டும். வழக்குக்குப் பயந்து வேலை செய்யாமல் போன போலீசுக்காரரை நான் அங்கே காணவில்லை. உண்மை சொன்னதற்காக மூத்திரம் பார்க்கப் போனவரைத்தான் காண்கிறேன்.

பையன் வழக்குப் போட்டான். தெருக் கட்டு வைப்பது ஒருவர் இருவர் செய்த தப்பல்ல, இலாகாவின் வாடிக்கை என்று அவனால் காட்ட முடிந்தது. ஜூரிகள் 8 லட்சத்து 1 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 1988-ல் அப்பீல் கோர்ட்டு அதை உறுதி செய்தது. கட்டிவைத்துத் தினமும் மறைத்ததால் சிக்காகோ பணம் கொடுத்தது; அவ்வப்போது மறைத்ததால் நியூ ஆர்லியன்ஸ் தப்பித்துக்கொண்டது. இந்த நியாயத்தை எனக்கு விளங்கவைக்கக்கூடியவர் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு வரலாம்.

சிக்காகோ அதற்குப் பிறகு திருந்திவிட்டதென்று நினைக்காதீர்கள். அங்கேயே இன்னொருவர் 1984-ல் நடந்த இரட்டைக் கொலைக்காக 1986-ல் மரண தண்டனை பெற்றார். தண்டித்த ஜட்ஜு, கூட இருந்த எதிரியின் வக்கீலிடம் 10 ஆயிரம் டாலர் லஞ்சம் வாங்கி, பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் விசாரணை நடுவிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் தண்டித்தவர். அந்த ஜட்ஜே 1993-ல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். அதனால் இவருக்கு மறுவிசாரணை கிடைத்து 2009-ல் விடுதலையானார். இவர் ஒரு பொல்லாத கூட்டத்தோடு சேர்ந்தவர், சாது அல்ல. அதற்காக அவர் செய்யாத கொலைக்குச் சாகவேண்டுமா? யோக்கியனுக்கு மட்டும் சாட்சியத்தைக் காட்டுவது என்றால், யார் யோக்கியன் என்று தீர்மானிக்கிறவனும் அந்தப் போலீசாகத்தானே இருப்பான்?

அவர் சிவில் வழக்குப் போட்டார். வழக்கில் கட்டுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது, 2011-ல், ஒரு போலீஸ் ஸ்டேஷனின் நிலவறையில் பழைய இரும்பு அலமாரிக்குள் அவருடைய கொலை வழக்கின் கட்டு கிடைத்தது. வேறு சந்தேக ஆசாமிகளின் பெயர்கள் அதில் இருந்தன. கால் நூற்றாண்டாக எந்த எதிரி வக்கீலும் பார்த்திராத கட்டு. 2014-ல் முதல் ஜூரிகள் அவருக்கு 80 ஆயிரம் டாலர்தான் கொடுத்தார்கள். அதன்பிறகு வழக்கு மறுபடியும் விசாரிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் வேறு ஜூரிகள் 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2020-ல் அப்பீலிலும் அது நின்றது. அதே தீர்ப்பில் இரண்டு துப்பறிகிறவர்களுக்குச் சொந்தத் தண்டமாக விதித்தது எவ்வளவு? ஒருவருக்கு 30 ஆயிரம், மற்றவருக்கு 10 ஆயிரம். அந்தக் கோடிகளைக் கொடுப்பவர்கள் சிக்காகோவில் வரி கட்டுகிற ஜனங்கள். அதில் கறுப்பு மக்கள் கட்டுகிற வரியும் சேர்ந்திருக்கிறது. இந்த வகையில் இந்த வழக்குகளின்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ஒளித்தவன் பையில் கை வைக்காத நஷ்ட ஈடு அவனுக்கு உறைக்காது.

ஆனாலும் இந்த வழக்குகள் வேண்டும் என்றே சொல்லுகிறேன். பணத்துக்காக அல்ல. கிரிமினல் வழக்கில் சர்க்கார் காட்டுவதைத்தான் எதிரி பார்க்க முடியும். சிவில் வழக்கிலோ அவன் வாதி. அலமாரியைத் திற, கட்டை எடு, எழுதியவனைக் கூப்பிடு என்று அவன் கேட்கலாம். சத்தியம் செய்துவிட்டு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆபீஸ் தலைவர் புத்தகம் படிப்பதை விட்டுவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்தது எப்படி? அவருடைய வாயிலிருந்தே வந்தது. யார்மீது வழக்குப் போட முடியாது என்று கோர்ட்டு சொல்லுகிறதோ, அவர்களுடைய அலமாரிக்கும் அதே பூட்டைத்தான் போடுகிறது. இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முந்திய தண்டனை ரத்தானால் ஒழிய இந்த மாதிரி நஷ்ட ஈட்டு வழக்கே போடமுடியாது என்று 1994-ல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆகவே காகிதம் கிடைத்தால்தான் தண்டனை ரத்தாகும்; தண்டனை ரத்தானால்தான் காகிதத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். சிறையில் கிடப்பவன் இதற்கு என்ன செய்வான்? பழைய பதிவுகளைப் புரட்ட அவனுக்குத் துப்பறிகிறவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் வாங்காமல் உழைக்கிற வக்கீல் வேண்டும். தாம்சனுக்கு இவை கிடைத்தன.

அவர் வெளியே வந்ததும், தம்மைப்போல் விடுதலையாகி வந்தவர்கள் தங்குவதற்கும் பிழைப்புத் தேடிக்கொள்வதற்கும் நியூ ஆர்லியன்சிலேயே ஒரு ஸ்தாபனம் நடத்தினார். சுப்ரீம் கோர்ட்டு பணம் இல்லை என்று சொன்ன பிறகும் அதை விடவில்லை. எனக்குப் பணம் வேண்டாம் போங்கள், என்னைக் கொல்லப் பார்த்தவர்கள்மீது குற்ற வழக்குப் போடுங்கள் என்று ஊர் ஊராய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். 2017 அக்டோபரில் மாரடைப்பினால் இறந்துபோனார். வயது 55. அவருடைய வழக்கில் சாட்சியத்தை மறைத்ததற்காக அதுவரையில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

நேரமாகிவிட்டது. இன்னும் இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லுகிறேன்.